எட்டு சிலிண்டர் ஆசை: எந்தப் பழைய காரை வாங்கி மேம்படுத்துவது?

2024 மார்ச் 9

ஓஹையோ மாநிலக் கொலம்பஸிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "25,000 டாலர் சேர்த்து வைத்திருக்கிறேன். 1967 முதல் 1969 வரையிலான செவ்ரோலெட் கமாரோ ஒன்றை வாங்கி, புது என்ஜின், ஐந்து கியர், நல்ல பிரேக் எல்லாம் போட்டு ஓட்ட ஆசை. என்ஜின் எண் பொருந்திய அசல் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட் என்ற வேக வகை) கிடைத்தால் விலை கூடினாலும் விடாதே, அது முதலீடு என்கிறார்கள். சரியா?"

சரியில்லை. ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இரண்டு ஆசைகள் இதில் இருக்கின்றன. அசல் எஸ்.எஸ். என்பதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கார் இருப்பதற்கான பணம். வேறு என்ஜினை இறக்கிய அன்றே அந்தப் பணம் போய்விடும். மாற்றப் போகிறவர் மாற்றக்கூடாத காரை எதற்கு வாங்க வேண்டும்?

அந்தக் கமாரோக்களின் வின் எண்ணிலும் (காரின் அடையாள எண்) எஸ்.எஸ். என்பது தெரியாது. 12337 என்று தொடங்கினால் ஆறு சிலிண்டர் கூப்பே. 12437 என்றால் வி-8, அதாவது எட்டு சிலிண்டர் கூப்பே. அவ்வளவுதான். எஸ்.எஸ்.ஸா, இன்னொரு வேக வகையான இசட்-28ஆ, சாதாரண 327 கன அங்குல என்ஜினா என்று அந்த எண்ணிடம் கேட்டுப் பயனில்லை. எஸ்.எஸ். எழுத்துகளோ எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கின்றன.

என் யோசனை: 1968 முதல் 1972 வரையிலான செவ்ரோலெட் நோவா. முன்பக்க சப்ஃபிரேம் (என்ஜினைத் தாங்கும் சட்டம்) கமாரோவின் குடும்பத்தைச் சேர்ந்தது. செவ்ரோலெட்டின் அதே ஸ்மால் பிளாக் வி-8 என்ஜின் உட்காரும், பின்னால் அதே லீஃப் ஸ்பிரிங். முகம்தான் கணக்கு வாத்தியார் முகம். அந்த முகத்துக்காக விலை குறைகிறது என்றால் நமக்கு லாபமே.

அதே நாள், இரவு

நோவாவிலும் எஸ்.எஸ். உண்டு. அதைத் தேடிப் போகாதீர்கள். மேலே சொன்ன காரணம்தான்.

மார்ச் 11

"எந்த மாடல்?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். "எந்த ஊர்க் கார்?" என்று யாரும் கேட்கவில்லை. நான் இருப்பது டெட்ராய்ட்டை ஒட்டிய புறநகர். நகரத்துக்கு ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கம் இன்றும் வேலை செய்கிறது. குளிர்காலத்தில் சாலைகளில் கொட்டும் உப்பைப் பார்த்தால் சுரங்கத்தையே மேலே கொண்டுவந்துவிட்டார்களோ என்று தோன்றும். இந்தக் கார்களைப் பெற்ற ஊரே இவற்றைத் தின்றும் தீர்த்தது. ஓஹையோவிலும் இதே கதை. ஆகவே அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற வறண்ட பக்கத்துக் காராகப் பாருங்கள். அங்கே வெயிலில் இருக்கைகள் வெடித்து, டாஷ்போர்டு பிளந்து, பெயின்ட் வெளுத்திருக்கும். அவையெல்லாம் கடையில் வாங்கும் பொருள்கள். தரைத்தகடு அப்படியில்லை. வெட்டி, அளந்து, வெல்டிங் செய்ய வேண்டும்.

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், ஒரு சிறு காந்தம், ஒரு அட்டை, ஒரு குடம் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பின்சக்கர வளைவின் மேல் ஓட்டுங்கள். ஓரிடத்தில் பிடித்து அடுத்த சாணில் நழுவினால், அங்கே இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பிறகு அட்டையை விரித்துக் கீழே படுத்துவிடுங்கள். நோவா, கமாரோ என்றால் சப்ஃபிரேம் உடலோடு போல்ட்டில் சேரும் இடம், பின் ஸ்பிரிங் தொங்கும் இடம், டிக்கி தரை. செவ்ரோலெட்டின் இன்னொரு காரான ஷெவல் என்றால் முழு சேஸிஸ் உண்டு. பின்சக்கரத்துக்கு மேலே வளையும் பகுதியில் மண் சேர்ந்து உள்ளிருந்தே அரித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். அரித்த தகடு மொத்தென்று சொல்லும்.

தண்ணீர் எதற்கு? ஃபோர்டு மஸ்டாங் பார்க்கப் போகிறவர்களுக்கு. முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டுக்குப் பின்னால் காற்றுக்கான பிளவுகள் இருக்கும். 1965, 66 கார்களில் அதற்குள்ளேதான் முதலில் துரு பிடிக்கும். வெளியிலிருந்து துளியும் தெரியாது. பிளவுகளில் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே குனிந்து டாஷ்போர்டின் அடியில் கையை வையுங்கள். கம்பளம் நனைந்தால் விற்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வண்டியேறுங்கள். அந்தப் பெட்டியைப் பிரித்துச் சரிசெய்ய முன்பக்கத்தில் பாதியைக் கழற்ற வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்பாட் வெல்டுகளைத் துளையிட்டு எடுக்க வேண்டும். ஒரு விற்பனையாளர் என்னைத் தண்ணீர் ஊற்றவே விடவில்லை. அதுவும் ஒரு பதில்தான்.

மார்ச் 16

கலிஃபோர்னியா நண்பர் எழுதுகிறார்: "நோவா எதற்கு? ஆறு சிலிண்டர் மஸ்டாங் கூப்பே மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி 302 வி-8 என்ஜின் போட்டால் முடிந்தது."

முடியாது. அங்கேதான் தொடங்கும். 1965, 66 மஸ்டாங்கின் வின் எண்ணில் ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். டி (T) என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். சி, ஏ, கே மூன்றும் 289 வி-8. கே என்பது 271 குதிரைத்திறன் கொண்ட அரிய வகை. புகைப்படம் மட்டும்தான் இருக்கிறது என்றால் சக்கர நட்டுகளை எண்ணுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடி ஆறு சிலிண்டருக்கு நான்கு, வி-8க்கு ஐந்து. நட்டு குறைவது மட்டுமல்ல விஷயம். ஆறு சிலிண்டர் காரில் பின் ஆக்சில் சிறியது, பிரேக் டிரம் சிறியது, முன் ஸ்பிண்டில், ஸ்டீயரிங் இணைப்புகள் எல்லாம் மெலிந்தவை. அந்த உடம்பில் 302ஐ இறக்கினால் ஓடும். எப்படி நிற்கும் என்பதுதான் பிரச்சினை. எல்லாவற்றையும் மாற்றிக் கணக்குப் போட்டால், முதலிலேயே சி எழுத்துக் கார் வாங்கியிருக்கலாம் என்று முடியும்.

சரி, ஆறு சிலிண்டரையே முறுக்கேற்றலாமா? அந்த 200 என்ஜின் உழைப்பாளி. ஏழு மெயின் பேரிங் கொண்டது, சாகாது. ஆனால் இன்டேக் மேனிஃபோல்டை சிலிண்டர் ஹெட்டோடு ஒரே வார்ப்பாக ஊற்றிவிட்டார்கள். வேறு மேனிஃபோல்டு மாட்ட வழியே இல்லை. ஃபோர்டு பொறியாளர்கள் வருங்காலத் தலைமுறையின் சட்டைப்பைமீது கருணை காட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

மார்ச் 17

"உங்களிடம் இருப்பதே மஸ்டாங்தானே, பிறகு ஏன் நோவாவைத் தள்ளுகிறீர்கள்?" என்று கேட்டவருக்கு: என்னுடையது 1966 கூப்பே, சி எழுத்து. பிடித்து வாங்கினேன். கேட்பவர் என்னைப் போல இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மஸ்டாங்கின் என்ஜின் அறையில் இருபுறமும் ஷாக் டவர் (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் தகட்டுத் தூண்) நெருக்கிக்கொண்டு நிற்கும். ஸ்பார்க் பிளக் மாற்றினாலே கை தோல் உரியும். பிற்காலப் பெரிய என்ஜின்கள் எதையாவது வைக்க வேண்டுமென்றால் அந்த டவர்களையே வெட்டியெறிய வேண்டியிருக்கும். நோவாவில் அந்தச் சுவர்கள் கிடையாது.

மார்ச் 24

எதை முதலில் மாற்றுவது என்று வரிசை கேட்டிருக்கிறார்கள். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், ரேடியேட்டர், ஒயரிங். இவற்றுக்குப் பிறகு என்ஜின்.

சிரிக்காதீர்கள். 1966 வரை மஸ்டாங்கில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறைதான். எங்காவது ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967இல்தான் இரட்டை அறை வந்தது. நான் முதலில் மாற்றியது அதைத்தான். என்ஜினைத் தொடவே இல்லை. முன்னால் டிரம் பிரேக்கை மட்டும் கொஞ்ச காலம் விட்டு வைத்திருந்தேன். மழை முடிந்த ஒரு மாலை வுட்வர்ட் அவென்யூவில் தேங்கிய நீரில் இறங்கி ஏறிய பிறகு மிதியை அழுத்தினேன். ஒரு டிரம் பிடித்தது, மற்றது வழுக்கியது. கார் தானாகவே பக்கத்து வரிசைக்குக் கிளம்பியது. அந்த வாரமே டிஸ்க் வாங்கினேன். பணமில்லாதவர்கள் 1975 முதல் 1980 வரையிலான ஃபோர்டு கிரனாடாவின் முன் ஸ்பிண்டிலையும் டிஸ்க்கையும் பழைய கார்க் கிடங்கிலிருந்து எடுத்து மாட்டுவது நெடுநாள் வழக்கம். இப்போது கிடங்குகளில் கிரனாடாவும் அருகிவிட்டது.

சஸ்பென்ஷனில் செலவே இல்லாத ஒரு வேலை உண்டு. முன் சஸ்பென்ஷனின் மேல் கையைப் பிடித்திருக்கும் துளைகளை ஓர் அங்குலம் கீழே இறக்கித் துளையிடுவது. ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் கணக்குப் போட்டது, மஸ்டாங்கின் வேக வகையான ஷெல்பி ஜி.டி.350 காரில் வந்தது. ஒரு டிரில்லும் ஒரு வார இறுதியும் போதும். வளைவில் திரும்பும்போது வேறு கார் போல இருக்கும்.

ஏப்ரல் 2

"1971க்குப் பிறகு எல்லாம் செத்த என்ஜின், குதிரைத்திறன் பட்டியலைப் பாருங்கள்" என்று ஒருவர் பட்டியலோடு வந்திருக்கிறார். பட்டியல் சரி, படிக்கும் முறை சரியில்லை. 1971 வரை விளம்பரத்தில் சொன்னது என்ஜினைத் தனியாக மேடையில் வைத்து, காற்று வடிகட்டி, சைலன்சர், ஆல்டர்னேட்டர் சுமை இல்லாமல் அளந்த எண். 1972 முதல் எல்லாவற்றையும் மாட்டி அளந்த எண். செவ்ரோலெட் கார்வெட்டின் அடிப்படை 350 என்ஜின் 1971இல் 270, 1972இல் 200. இறுக்க விகிதம் (கம்ப்ரஷன்) இரண்டுக்கும் 8.5தான். எழுபது குதிரைகள் ஓர் இரவில் ஓடிப்போய்விடவில்லை.

உண்மையான வீழ்ச்சியும் உண்டு. 1971இல் செவ்ரோலெட்டின் தாய் நிறுவனமான ஜி.எம். இறுக்க விகிதத்தைக் குறைத்தது. 1975இல் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்தது. நடுவே 1973இன் எண்ணெய்த் தடை. ஆனால் என்ஜினை எப்படியும் மாற்றப் போகிறவருக்கு இதனால் என்ன? 1972 நோவாவை "பலவீனமான ஆண்டு" என்று சொல்லி விலை குறைப்பவர்கள் குறைக்கட்டும். நாம் வாங்கிக்கொள்வோம்.

ஏப்ரல் 20

டெக்சாஸிலிருந்து கிரைஸ்லரின் டாட்ஜ், பிளிமத் கார்களின் பக்தர் ஒருவர் கோபமாக வந்திருக்கிறார். நியாயம்தான். 1970 முதல் வந்த பிளிமத் டஸ்டரை நான் சொல்லவே இல்லை. எடை குறைவு, முன்னால் டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி ஸ்பிரிங்), 340 என்ஜின் இருந்தால் அருமை, இல்லாவிட்டால் 318 போதும். இரண்டு எச்சரிக்கைகள். 1972 வரை இந்தச் சிறிய கார்களில் சக்கர போல்ட் வட்டம் 4 அங்குலம். பிடித்த சக்கரம் எதுவும் பொருந்தாது. 1973 முதல் முன் டிஸ்க் வந்த கார்களில் வட்டம் 4.5 ஆனது, அந்தப் பாகங்களை முந்தைய கார்களுக்குப் போடலாம்.

இரண்டாவது, அறுபதுகளின் கிரைஸ்லர் கார்களில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடம்புரித் திருகு. வழக்கமான திசையில் கழற்றப் போனால் இறுகிக்கொண்டே போகும். என் நண்பர் ஒருவர் நீளமான குழாயை ஸ்பானரில் சொருகி, முழு உடலையும் மேலே போட்டு, துரு என்று நினைத்து ஸ்டட்டுகளை வரிசையாக முறித்துவிட்டார். மூன்றாவது முறிந்த பிறகுதான் அதன் தலையிலிருந்த எழுத்தைப் பார்த்தார்.

மே 5

இளைஞர் ஒருவர்: "அண்ணா, நீங்கள் எல்லாரும் 1972இலேயே நின்றுவிட்டீர்கள். 1987 முதல் 1993 வரையிலான மஸ்டாங் 5.0 கணக்கில் வராதா?"

வரும். சொல்லத் தயக்கமாக இருந்ததற்குக் காரணம், எனக்கு அந்தப் பெட்டி வடிவம் பிடிக்காது. பிடிக்காததை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இதை எதிர்க்க வாதம் குறைவு. 1987இல் 225 குதிரைத்திறன், அதுவும் புதுமுறை அளவில். ஃப்யூயல் இஞ்செக்ஷன், ரோலர் கேம் (வால்வுகளை இயக்கும் தண்டு), டி-5 ஐந்து கியர், 8.8 அங்குலப் பின் ஆக்சில் எல்லாம் கூடவே வருகின்றன. நோவாவில் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கும் பாதிப் பொருள்கள் இதில் பிறக்கும்போதே இருக்கின்றன.

1989 முதலான கார்களாகப் பாருங்கள். காற்று ஓட்டத்தை நேரடியாக அளக்கும் சென்சார் எல்லா மாநிலக் கார்களுக்கும் அந்த ஆண்டில்தான் வந்தது. அதற்கு முந்தையவை அழுத்தத்தை வைத்துக் கணிப்பவை. பெரிய கேம் போட்டால் கம்ப்யூட்டர் குழம்பி என்ஜின் திக்கும். பலவீனங்கள்: நான்கு நட்டுச் சக்கரம், கனத்த காலுக்குப் போதாத பிரேக், முறுக்கில் நெளியும் உடல். பின் கைகள் சேரும் தகட்டுப் பெட்டியில் விரிசல் இருக்கிறதா என்று பின் இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். இழுவைப் பந்தயம் ஓடிய காராக இருந்தால் அங்கே எழுதியிருக்கும்.

கலிஃபோர்னியாக்காரர்கள் கவனிக்கவும்: அங்கே 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை, 1976 முதல் உண்டு. இந்த மஸ்டாங்கில் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

மே 6

நேற்று எழுதியதைப் படித்தால் நோவாவைக் கைவிட்டுவிட்டேன் என்று தோன்றும். இல்லை. வேகமாகப் போக வேண்டும், செலவு குறைய வேண்டும் என்றால் 5.0. கையில் கிரீஸ் பட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும், ஒயரிங் படம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்றால் நோவா. கொலம்பஸ் தம்பி எதற்காக வாங்குகிறார் என்று இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 9

சொல்லிவிட்டார். "மகளைப் பின்னால் உட்காரவைத்து ஐஸ்கிரீம் கடைக்குப் போக வேண்டும்."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! முன் இருக்கைத் தோள் பெல்ட் 1968 முதல்தான் சட்டப்படி கட்டாயம். பின்னால் இடுப்பு பெல்ட் மட்டுமே இருக்கும். பின் இருக்கைக்கு மூன்று புள்ளி பெல்ட் போடுவதையும் செலவில் சேருங்கள். வெறும் தகட்டில் ஓட்டை போட்டு மாட்டித் தருகிறேன் என்பவரிடம் விடாதீர்கள். வலுத்தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். குழந்தை கூட வருகிறாள் என்றான பிறகு பெரிய குதிரைத்திறன் பேச்சையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

ஜூலை 14

ஜி.எம்.மின் பிற்கால வி-8 ஆன எல்.எஸ். என்ஜின் கேள்வி வந்தே தீரும் என்று காத்திருந்தேன். 1999 முதல் செவ்ரோலெட் டிரக்குகளில் வந்த 5.3 லிட்டர் இரும்பு பிளாக் என்ஜின் எல்லா ஊர்க் கிடங்கிலும் இருக்கிறது, மலிவு, அடிபட்டாலும் ஓடும். எல்லாம் உண்மை. ஆனால் பட்டியலைத் தொடர்ந்து எழுதிப் பாருங்கள். டிரக்கின் ஆயில் பேன் ஆழமானது, சப்ஃபிரேமில் இடிக்கும், வேறு வேண்டும். என்ஜின் மவுண்ட் வேறு. பழைய கார்புரேட்டருக்கு 5, 6 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும்; இதற்கு 58 வேண்டும், ஆகவே பெட்ரோல் பம்ப், குழாய், டேங்க் எல்லாம் மாறும். ஒயரிங் கட்டு, கம்ப்யூட்டர், எக்ஸாஸ்ட், ரேடியேட்டர், ஸ்பீடோமீட்டர். மலிவான என்ஜின் வாங்கிய பலர் இந்தப் பட்டியலின் நடுவில் எங்கோ நின்று, காரைப் பெட்டிகளில் அடைத்து விற்கிறார்கள்.

25,000க்குள் முடிக்க வேண்டும் என்றால் நல்ல 350 ஒன்றும், வோர்டெக் சிலிண்டர் ஹெட்டும் போதும். தட்டை டாப்பெட் கேம் என்றால் துத்தநாகம் கூடிய ஆயில் கட்டாயம். முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் ஐட்லில் விடாமல் 2,000 சுற்றுக்கு மேலே இருபது நிமிடம் வையுங்கள்.

ஃபோர்டு பக்கத்தினருக்கு ஒரு வரி: பழைய 289, 302 என்ஜின்களின் ஃப்ளைவீலுக்கு 28 அவுன்ஸ் சமன், எண்பதுகளின் 5.0க்கு 50. ஃப்ளைவீலை மாற்றி மாட்டினால் கியர் லீவரே நடுங்கும்.

ஆகஸ்ட் 18

நேற்று வுட்வர்ட் ட்ரீம் குரூஸ். ஃபெர்ன்டேல் முதல் பாண்டியாக் வரை ஊர்வலம். மிச்சிகனில் பழங்காருக்கான நம்பர் பிளேட் வைத்திருப்பவர்கள் சும்மா ஊர் சுற்றச் சட்டம் அனுமதிப்பது ஆகஸ்டில்தான். மற்ற மாதங்களில் கண்காட்சி, ஊர்வலம், சோதனை ஓட்டம் மட்டும். ஆகவே எல்லாரும் ஒரே மாதத்தில் சூடேறி நிற்கிறார்கள்.

பளபளக்கும் கமாரோக்கள் சலிக்கச் சலிக்கப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் எஸ்.எஸ். எழுத்து. ஒருவர் மட்டும் பெயின்ட் உதிர்ந்த பச்சை நிற 1970 நோவாவில், எழுத்து எதுவும் இல்லாமல், ஏ.சி. போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மாமியாரை முன் இருக்கையில் வைத்து ஓட்டிக்கொண்டு போனார். ரேடியேட்டர் கொதித்து ஓரம்கட்டியவர்களை அவர் தாண்டிப் போன நிதானத்தைப் பார்த்தபோது, ரேடியேட்டருக்கு என் வரிசையில் நான்காம் இடம் கொடுத்தது குறைவோ என்று தோன்றியது. மூன்றாக்கிவிடலாம்.

அக்டோபர் 6

கொலம்பஸ் தம்பி வாங்கிவிட்டார். 1972 நோவா, நியூ மெக்சிகோ கார், பழுப்பு நிறம், டிக்கி தரையில் தொழிற்சாலைப் பெயின்ட் இன்னும் இருக்கிறதாம். விற்பவர் "350" என்றாராம். இவர் வின் எண்ணைப் படித்திருக்கிறார். 1972 முதல் ஜி.எம். கார்களில் ஐந்தாவது எழுத்து என்ஜினைச் சொல்லும்: எச் என்றால் 350; இவருடையது எஃப், அதாவது 307. பானெட்டுக்குள் இப்போது இருப்பது வேறு ஏதோ என்ஜின். அதைச் சொல்லி விலையைக் குறைத்திருக்கிறார். டாஷ்போர்டில் உள்ள எண்ணும், கதவருகே உள்ள எண்ணும், பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்தாராம். நல்லது, அதில் ஓர் இலக்கம் பிசகினால் பதிவு அலுவலகத்தில் ஒரு வருடம் போகும்.

முன்னால் நான்கும் டிரம். கவலையில்லை. அந்த ஆண்டுகளின் நோவா, ஷெவல், 1969 வரையிலான கமாரோ டிஸ்க் ஸ்பிண்டில் அப்படியே பொருந்தும்.

அக்டோபர் 7

"முன்னால் நான்கு" என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு ஆறு பேர் வந்துவிட்டார்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. என் பேரனுக்கும் எண்ணத் தெரியும்.

தம்பிக்கு: டிஸ்க் வாங்குவதற்கு முன் சக்கரத்தை அளந்து பாருங்கள். டிரம்முக்காகச் செய்த 14 அங்குலச் சக்கரங்கள் சில காலிபரில் உரசும். 15 அங்குலமாக வாங்கிவிட்டால் பிரச்சினை இல்லை. கூடவே இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரையும் டிஸ்க்குக்கு உரியதாக மாற்றி, அழுத்தம் பிரிக்கும் வால்வையும் போடுங்கள். டிரம்முக்கானதை வைத்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் பிரேக்கும் பெல்ட்டும் மட்டும். என்ஜினைக் கழற்றாதீர்கள், ஓடுகிறது அல்லவா.

பழுப்பு நிறத்தை மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாற்றாதீர்கள். மகளுக்குப் பிடிக்கவில்லை என்றால் மட்டும் மறுபடி கேளுங்கள்.